வாட்ஸ்அப் கால் இருக்க ரீசார்ஜ் எதற்கு?

வாசகர் கேள்வி - விடை

காஞ்சிபுரம் சுற்று வட்டாரத்தில் பல வீடுகளில் திண்ணையைத் தாண்டினால் தறி, கொல்லையைத் தாண்டினால் கழனி. பாவு வாங்குவது, புடவை விற்பது, அறுவடை மெஷினுக்குச் சொல்வது, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையிடம் பேசுவது என எல்லா வேலையும் இன்று ஒரே செல்போனில்தான் நடக்கிறது. அதிலும் பாதிப் பேச்சு இன்டர்நெட் வழியாகவே போகிறது. இதில் மிச்சமாவது என்ன, கைவிட்டுப் போவது என்ன என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் விடை.

“எங்களுக்கு இரண்டு ஏக்கர் நெல், வீட்டில் ஒரு தறி. நான், மனைவி, அம்மா என மூன்று பேர் சிம்முக்கும் மாதாமாதம் ரீசார்ஜ் செய்து கட்டுப்படியாகவில்லை. இப்போது வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு எடுத்துவிட்டோம். ‘இனி வாட்ஸ்அப்பிலேயே பேசிக்கலாம், ரீசார்ஜே வேண்டாம்’ என்கிறான் மகன். செய்யலாமா?”
- வாலாஜாபாத் பகுதி வாசகர்

மகன் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதியில் ஆபத்து இருக்கிறது.

முதலில் சரியான பாதி. இன்டர்நெட்டில் பேசும்போது குரல் சின்னச் சின்னப் பொட்டலங்களாக உடைந்து போய், மறுமுனையில் ஒன்றுசேர்கிறது. இதற்குப் பிடிக்கும் டேட்டா மிகக் குறைவு. தொலைபேசி நிலையங்களில் பயன்பட்ட பழைய டிஜிட்டல் முறையில் விநாடிக்கு 64 கிலோபிட் தேவை. 2012-ல் வந்த ஓபஸ் என்ற முறையில் 24 கிலோபிட்டிலேயே குரல் தெளிவாகக் கேட்கும். இந்தக் கணக்கில் ஒரு மணி நேரம் பேசினாலும் போக வர இரண்டு பக்கமும் சேர்த்துச் சில பத்து எம்.பி. தாண்டாது. வீடியோவில் பேசினால்தான் பல மடங்கு கூடும். வீட்டு வைஃபையில் இருப்பவருக்கு அந்தக் கவலையும் இல்லை. தினமும் மணிக்கணக்கில் மகளிடம் பேசும் அம்மாவுக்கு வாட்ஸ்அப் கால் லாபம்தான்.

ஆனால், சிம்மையே விட்டுவிடுவது வேறு விஷயம். அதில் நான்கு சிக்கல்கள் உள்ளன.

ஒன்று, போன் நம்பர் என்பது இன்று பேசுவதற்கு மட்டும் உள்ளதல்ல. வங்கிக் கணக்கு, ஆதார், பி.எம். கிசான், பயிர்க்கடன், கேஸ் மானியம் எல்லாம் அந்த நம்பரில்தான் கட்டப்பட்டிருக்கின்றன. பி.எம். கிசான் தவணைக்கு இ-கே.ஒய்.சி. செய்ய ஓ.டி.பி. வருவதும், நெல் விற்ற பணம் கணக்கில் ஏறியதாகக் குறுஞ்செய்தி வருவதும் அந்த நம்பருக்குத்தான். ப்ரீபெய்டு சிம்மைத் தொடர்ந்து 90 நாள் எதற்குமே பயன்படுத்தாவிட்டால், நிறுவனம் அதைத் துண்டிக்கலாம். இருப்பில் 20 ரூபாய் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் 30 நாள் தள்ளிப்போடுவார்கள். அதற்குப் பிறகு அந்த நம்பர் கைமாறி வேறொருவருக்குப் போய்விடும். வாங்கிய புது ஆள் அதே நம்பரில் வாட்ஸ்அப் தொடங்கினால், பழைய ஆளின் வாட்ஸ்அப்பும் நின்றுவிடும். ரீசார்ஜை நிறுத்திவிட்டு வாட்ஸ்அப்பை மட்டும் நம்பியிருப்பவர் கடைசியில் அதையும் இழப்பார்.

இரண்டு, அவசர அழைப்பு. 108 ஆம்புலன்ஸ், 112 காவல் உதவி, கால்நடைக்கான 1962 எதையும் வாட்ஸ்அப்பில் அழைக்க முடியாது. கன்று ஈன முடியாமல் மாடு தவிக்கும் நள்ளிரவில் சாதாரண கால்தான் கைகொடுக்கும்.

மூன்று, கரன்ட். பழைய செப்புக்கம்பி லேண்ட்லைனுக்குத் தொலைபேசி நிலையத்திலிருந்தே 48 வோல்ட் மின்சாரம் வரும். வீட்டில் கரன்ட் போனாலும் அது பேசும். ஃபைபர் இணைப்பு அப்படியல்ல. மோடத்துக்கு வீட்டுக் கரன்ட் வேண்டும். கரன்ட் போனால் வைஃபை போகும், வைஃபை போனால் வாட்ஸ்அப் போகும். 2015 நவம்பர், டிசம்பர் வெள்ளத்தில் காஞ்சிபுரம், சென்னை பக்கம் செல்போன் கோபுரங்களே மின்சாரமின்றி ஓய்ந்துபோனது பலருக்கும் மறந்திருக்காது. ஒற்றை வழியை மட்டும் வைத்துக்கொள்வது மழைக்காலத்துக்கு ஆகாது. மோடத்துக்கென்றே விற்கும் சிறிய யு.பி.எஸ். ஒன்று வாங்கி வைத்தால் கொஞ்ச நேரமாவது தாங்கும்.

நான்கு, எதிர்முனையில் இருப்பவர். அறுவடை மெஷின் ஓட்டுபவர், நடவு ஆட்களைக் கூட்டிவரும் அக்கா, மாட்டு வியாபாரி எனப் பலரும் இன்னும் பட்டன் போன்தான் வைத்திருக்கிறார்கள். தவிர, வீட்டு வைஃபை கழனி மேட்டுக்கு வராது. அங்கே நிற்கும்போது வீட்டிலிருந்து யார் கூப்பிட்டாலும் கேட்காது.

அப்படியானால் செலவைக் குறைக்க வழியே இல்லையா? இருக்கிறது. மூன்று சிம்முக்கும் டேட்டா பேக் போடத் தேவையில்லை. டேட்டா இல்லாமல் பேசவும் குறுஞ்செய்தி அனுப்பவும் மட்டும் தனி பேக் தர வேண்டும் என்று டிராய் அமைப்பு 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. அதன்படி 2025 ஜனவரி முதல் நிறுவனங்கள் இப்படிப்பட்ட பேக்குகளை வெளியிட்டன. 365 நாள் வரை செல்லுபடியாகும் பேக்கும் தரலாம் என்பது அந்த விதியில் உண்டு. கழனிக்குப் போகிறவரின் போனில் டேட்டா பேக், வீட்டிலேயே வைஃபையில் இருக்கும் இருவருக்கும் பேச்சு பேக் மட்டும் என்று பிரித்துக்கொள்ளலாம். மாதக் கணக்கில் பார்க்காமல், வருடக் கணக்கில் கூட்டிப் பார்த்து முடிவு செய்வது நல்லது.

இன்னொரு வசதியும் பலருக்குத் தெரிவதில்லை. போன் செட்டிங்ஸில் ‘வைஃபை காலிங்’ என்று ஒன்று இருக்கும். அதை ஆன் செய்தால், வீட்டுக்குள் டவர் கிடைக்காவிட்டாலும் சாதாரண கால் வைஃபை வழியாகப் போகும். அதே நம்பர், அதே பேக். எதிரே இருப்பது பட்டன் போனாக இருந்தாலும் மணி அடிக்கும். குழித்தறியில் உட்கார்ந்தால் சிக்னல் எட்டாத பழைய கெட்டிச் சுவர் வீடுகளுக்கு இது ரொம்பப் பயன்படும். போனும் சிம் நிறுவனமும் இதற்கு இடம் தர வேண்டும், அவ்வளவுதான்.

“வாட்ஸ்அப்பில் பேசும்போது சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் குரல் விட்டுவிட்டு வருகிறது. அதே போனில் சாதாரணமாகக் கூப்பிட்டால் நன்றாகக் கேட்கிறது. ஏன் இந்த வித்தியாசம்?”
- ஓரிக்கை வாசகர்

ஏரி மதகில் தண்ணீர் திறக்கும்போது, நாற்றங்காலுக்கு முதலில் விட்டுவிட்டு மற்றதற்குப் பிறகு விடுவார்கள் அல்லவா? அதே கதைதான்.

4ஜி போனில் சாதாரணமாகப் பேசும் காலும் இன்றைக்கு இன்டர்நெட் முறையில்தான் போகிறது. வோல்ட்டி என்று போனின் மேல்பக்கத்தில் தெரிவது அதுதான். 2016 செப்டம்பர் 5-ல் தொடங்கிய ஜியோவில் பழைய 2ஜி முறையே கிடையாது. முதல் நாளிலிருந்தே எல்லாக் காலும் இப்படித்தான். ஆனால், சிம் நிறுவனம் தன் பாதையில் இந்தப் பேச்சுக்கு முதல் மடை திறந்துவிடுகிறது. வாட்ஸ்அப் கால் அப்படியல்ல. பக்கத்து வீட்டில் பார்க்கும் சினிமா, எதிர்வீட்டுப் பையன் விளையாடும் கேம் எல்லாவற்றோடும் சேர்ந்து வரிசையில் நிற்கிறது. மாலையில் எல்லாரும் வீடு திரும்பி போனை எடுத்ததும் நெரிசல் வருகிறது.

குரல் ஒருமுனையிலிருந்து மறுமுனைக்குப் போக 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது உலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அளவுகோல். ஒரு விநாடியில் ஏழில் ஒரு பங்குதான் இது. அதற்கு மேல் தாமதமாகிக்கொண்டே போனால் இருவரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், பிறகு இருவருமே நிறுத்துவார்கள். பாதையில் தொலைந்த பொட்டலங்களைத் திரும்ப வரவழைக்கவும் நேரம் இருக்காது என்பதால் இடையிடையே வார்த்தை விழுந்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது, விழும் வார்த்தை எது என்பதுதான். “மூட்டைக்கு ஆயிரத்து இருநூறு” என்று சொன்னதில் “இருநூறு” விழுந்துபோனால் சண்டை வரும். எனவே விலை, நாள், எண்ணிக்கை பேசும்போது வாட்ஸ்அப் கால் தடுமாறினால் உடனே சாதாரண காலுக்கு மாறிவிடுவது நல்லது. வீடியோவை நிறுத்திவிட்டுக் குரலில் மட்டும் பேசினாலும் ஓரளவு சரியாகும். வீட்டில் மோடத்தைத் தரையில் மூலையில் வைக்காமல் உயரமாக, நடுவாக வைப்பதும் உதவும்.

“சொந்தப் பாவு போட்டு நெய்யும் புடவைகளை வீடியோ காலில் காட்டி விற்கிறோம். போன மாதம் ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளர் ‘வீடியோவில் பார்த்த கலர் இது இல்லை’ என்று திருப்பி அனுப்பிவிட்டார். கூலிக்கு நெய்யும் என் தம்பியும் இப்படி விற்க ஆசைப்படுகிறான். என்ன யோசனை?”
- பிள்ளையார்பாளையம் வாசகர்

கொரோனா ஊரடங்கில் கல்யாண வீட்டார் காஞ்சிபுரத்துக்கு வர முடியாமல் போனபோது, வீடியோ காலில் புடவை காட்டுவது பரவலானது. பெரிய கடைகள் இதற்கென்றே ஆட்களை வைத்திருக்கின்றன. சிட்னியில் இருக்கும் பெண்ணும் மதுரையில் இருக்கும் அத்தையும் ஒரே நேரத்தில் பார்த்து முகூர்த்தப் புடவை முடிவு செய்கிறார்கள். ஒரு காலத்தில் வெளிநாட்டுக்கு ஐ.எஸ்.டி. பூத்தில் நின்று மீட்டரைப் பார்த்துக்கொண்டே பேச வேண்டியிருந்தது. இன்று சொந்தத் தறிக்காரருக்கும் உலகம் முழுக்கக் கடை விரிக்க வழி கிடைத்திருக்கிறது. இது சின்ன லாபமல்ல.

கலர் சிக்கலுக்குக் காரணம் கேமரா. வெளிச்சத்துக்கு ஏற்ப அது தானாகவே நிறத்தைத் திருத்திக்கொள்கிறது. ட்யூப்லைட்டில் அரக்கு ஒரு மாதிரியும், மஞ்சள் பல்பில் வேறு மாதிரியும் தெரியும். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என நெய்யும் மயில்கழுத்து போன்ற இரட்டை நிறங்களில் இன்னும் மோசம். துணியை அசைக்க அசைக்க நிறம் மாறுவதுதான் அதன் அழகே. வீடியோவில் பார்ப்பவருக்கு அதில் ஒரு நிறம் மட்டுமே தெரிந்திருக்கும்.

செய்ய வேண்டியவை:

* காலை வெளிச்சத்தில், நேர் வெயில் படாத இடத்தில் காட்டவும். பக்கத்தில் ஒரு வெள்ளைக் காகிதம் வைத்தால் நிறம் பார்ப்பவருக்கு ஒரு அளவு கிடைக்கும்.
* இரட்டை நிறம் என்றால் வாய்விட்டுச் சொல்லவும். மடிப்பைத் திருப்பித் திருப்பிக் காட்டவும்.
* புடவையின் பின்பக்கத்தையும், உடலும் கரையும் சேரும் கோர்வை இடத்தையும் அருகில் காட்டவும். கைத்தறி தெரிந்தவர்கள் அங்கேதான் பார்ப்பார்கள்.
* விலை அதிகமான புடவைக்குப் பாவு, ஊடை இரண்டிலும் கொஞ்சம் நூலைத் தபாலில் அனுப்பி நிறத்துக்குச் சம்மதம் வாங்கலாம். முகூர்த்தத்துக்கு நாள் இருந்தால் இதுவே நல்ல வழி.
* பேசி முடித்ததும் கலர், நீளம், எடை, ஜரிகை வகை, ரவிக்கைத் துணி உண்டா, விலை, அனுப்பும் நாள், திருப்பி எடுப்பது உண்டா என எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, “சரி” என்று பதில் வாங்கவும்.

கடைசி யோசனைதான் முக்கியம். வாட்ஸ்அப் கால் 2016-லிருந்து முழுக்கப் பூட்டிய முறையில் போகிறது. இடையில் யாரும், நிறுவனமே கூட, கேட்க முடியாது. அந்தரங்கத்துக்கு இது நல்லது. ஆனால், பேசியதற்குச் சாட்சி எங்கும் இருக்காது. எழுத்தில் இருப்பது மட்டுமே நிற்கும்.

வீடியோ காட்டாத சங்கதியும் உண்டு. பட்டு அசலா, ஜரிகையில் வெள்ளியும் தங்கமும் எவ்வளவு என்பதைப் பார்த்துச் சொல்ல முடியாது. மத்திய பட்டு வாரியத்தின் சில்க் மார்க் சீட்டு, ஜரிகைக்கான பரிசோதனைச் சீட்டு இவற்றைப் புடவையோடு சேர்த்துக் காட்டுவது நம்பிக்கை தரும். காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு 2005-06-லேயே கிடைத்துவிட்டது. அந்தப் பேரைச் சொல்லி விசைத்தறிப் புடவையை வீடியோவில் தள்ளிவிடுபவர்களும் இருப்பதால், அசல் நெசவாளர் சீட்டோடு நிற்பது அவருக்கே பாதுகாப்பு.

பணம் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. பின் நம்பர் தேவையே இல்லை. “அட்வான்ஸ் அனுப்புகிறேன், இந்தக் கியூஆரை ஸ்கேன் செய்து பின் போடுங்கள்” என்று சொல்பவர் வாடிக்கையாளர் அல்ல, திருடர். பணம் அனுப்பியதாக வரும் ஸ்கிரீன்ஷாட்டையும் நம்பக் கூடாது. வங்கிக் கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகே பார்சலைக் கட்ட வேண்டும்.

தம்பிக்கு வேறு யோசனை. கூலிக்கு நெய்பவரின் தறியில் ஓடும் பட்டும் ஜரிகையும் கூட்டுறவுச் சங்கத்துடையது அல்லது மாஸ்டர் வீவருடையது. அந்தப் புடவையைத் தனியாக விற்கும் உரிமை அவருக்கு இல்லை. தறியில் இருக்கும் டிசைனை வீடியோவில் வெளியாருக்குக் காட்டினாலே பிரச்னை வரலாம். வருடத்துக்கு ஓரிரு பாவு சொந்த முதலில் போட முடியுமா என்று பார்த்து, அதை மட்டும் அண்ணனோடு சேர்ந்து விற்பதுதான் முறையானது.

“மகன் துபாயில் வேலைக்குப் போயிருக்கிறான். வாட்ஸ்அப்பில் மெசேஜ் வருகிறது, போட்டோ வருகிறது. கால் மட்டும் சேரவில்லை. போனில் கோளாறா?”
- உத்திரமேரூர் பகுதி வாசகி

போனில் கோளாறு இல்லை அம்மா. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் கால் தடை செய்யப்பட்டிருக்கிறது. மெசேஜும் போட்டோவும் போகும், பேச்சு மட்டும் போகாது. அங்கே உரிமம் பெற்ற செயலிகளில்தான் இன்டர்நெட் வழியாகப் பேசலாம். போட்டிம் என்ற செயலியைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். ஜூம், கூகுள் மீட், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் போன்றவற்றுக்கும் அனுமதி உண்டு. எந்தச் செயலி என்றாலும் இரண்டு பக்கப் போனிலும் அதே செயலி இருக்க வேண்டும். அதற்குத் தனியாகப் பேக் போட வேண்டுமா என்பதை அங்குள்ள சிம் நிறுவனத்திடம் மகன் கேட்டுக்கொள்வது நல்லது.

“வி.பி.என். போட்டால் வாட்ஸ்அப் கால் வரும்” என்று கூட இருப்பவர்கள் சொல்வார்கள். தடை செய்ததை அடைய வி.பி.என். பயன்படுத்துவது அங்கே குற்றம், அபராதமும் கடுமையானது. பிழைக்கப் போன இடத்தில் அந்த வம்பு வேண்டாம். சவுதியில் இருந்த தடை 2017 செப்டம்பரில் தளர்ந்தது. சிங்கப்பூர், மலேசியாவில் இந்தச் சிக்கல் இல்லை.

நாட்டுக்கு நாடு விதி மாறுவதில் வியப்பில்லை. இந்தியாவிலும் வெளிநாட்டு அழைப்பு 2002 வரை வி.எஸ்.என்.எல். ஒன்றின் கையில்தான் இருந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் முதல்தான் இன்டர்நெட் வழிப் பேச்சுக்கு ஓரளவு அனுமதி கிடைத்தது. இன்டர்நெட்டிலிருந்து நாட்டுக்குள் இருக்கும் சாதாரண போனுக்குப் பேசும் சேவைக்கு 2018-ல்தான் வழி பிறந்தது. அழைப்புக் கட்டணத்தை நம்பிய தொழிலில் இலவசப் பேச்சு வந்து விழுந்தால் எங்கும் இழுபறி இருக்கும்.

இன்னொன்று. செயலிகள் நிரந்தரமல்ல. 2003-ல் வந்து, வெளிநாட்டுப் பிள்ளைகளைப் பெற்றோரோடு பேசவைத்த ஸ்கைப் 2025 மே மாதத்தோடு மூடப்பட்டது. எனவே மகனின் துபாய் நம்பர், அவருடைய கம்பெனி நம்பர், அறையில் உடன் தங்கியிருப்பவரின் நம்பர் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கவும். வீட்டில் ஒரு போனிலாவது வெளிநாட்டுக்குச் சாதாரணமாகக் கூப்பிடும் வசதி இருக்கிறதா என்று கேட்டு வைக்கவும். அவசரத்துக்குக் காசு பார்க்கக் கூடாது.

“வாட்ஸ்அப் வீடியோ காலில் போலீஸ் உடையில் ஒருவர் வந்தார். ‘உங்கள் பேரில் அனுப்பிய புடவைப் பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, போனை வைத்தால் கைது’ என்றார். பயந்துபோய் அரை மணி நேரம் அப்படியே இருந்தேன். பணம் போகவில்லை. இனி என்ன செய்வது?”
- காஞ்சிபுரம் வாசகி

பணம் போகாமல் தப்பியது நல்ல காரியம். இதற்கு ‘டிஜிட்டல் அரஸ்ட்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அப்படி ஒரு கைது இந்தியச் சட்டத்தில் இல்லவே இல்லை. 2024 அக்டோபர் மாத ‘மனதின் குரல்’ உரையில் பிரதமரே இதைப் பற்றி எச்சரித்தார். விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் நோட்டீஸைக் கூட போலீஸார் வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்படியிருக்க, வீடியோ காலில் விசாரணை எங்கிருந்து வரும்?

திருடர்கள் இன்டர்நெட் காலைத் தேடி வருவதற்குக் காரணம் உண்டு. எந்த நாட்டில் உட்கார்ந்தும் பேசலாம். யார் படத்தையும் முகப்பில் வைக்கலாம். காசும் செலவில்லை. பார்சல் அனுப்புவது காஞ்சிபுரத்தில் அன்றாட வேலை. எனவே ‘பார்சல்’ என்ற சொல்லைக் கேட்டதும் பலருக்கும் சட்டென்று பதற்றம் வந்துவிடுகிறது.

இப்படிக் கால் வந்தால் பதில் சொல்லாமல் துண்டிக்க வேண்டும். “யாரிடமும் சொல்லக் கூடாது” என்று அவர் சொன்னால், உடனே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வேண்டும். சந்தேகம் தீரவில்லை என்றால் நேராக ஊர்க் காவல் நிலையத்துக்குப் போய்க் கேட்கலாம். பணம் போய்விட்டால் வெட்கப்படாமல் அந்த நிமிடமே 1930-க்கு அழைக்க வேண்டும். சீக்கிரம் சொன்னால் பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன்பு நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. பணம் போகாவிட்டாலும், வந்த நம்பர், நேரம், ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றோடு சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள ‘சக்ஷு’ பகுதியில் புகார் தரலாம். அடுத்த வீட்டுக்காரர் தப்பிக்க அது உதவும்.

வாட்ஸ்அப் செட்டிங்ஸில் இரண்டு வேலை செய்து வைக்கவும். தெரியாத நம்பரிலிருந்து வரும் கால் மணி அடிக்காமல் இருக்கும் வசதி ஒன்று. இரண்டடுக்குப் பாதுகாப்புக்கான ஆறு இலக்க எண் மற்றொன்று. புடவை விற்பவர்கள் முதல் வசதியைப் போட்டால் புது வாடிக்கையாளர் காலும் அடிக்காது. ஆனால், பட்டியலில் பதிவாகியிருக்கும். முதலில் மெசேஜ் அனுப்பச் சொல்லிப் பழக்கலாம்.

“நெல் வட்டவட்டமாகக் காய்கிறது. வேளாண் அலுவலரிடம் வீடியோ காலில் காட்டினேன். ‘சரியாகத் தெரியவில்லை’ என்கிறார். எப்படிக் காட்டுவது?”
- அய்யம்பேட்டை வாசகர்

பயிருக்கு வீடியோவைவிட போட்டோ மேல். கழனி மேட்டில் சிக்னல் குறைந்தால் வீடியோ மங்கிப்போகும். போட்டோ மெதுவாகப் போனாலும் பெரும்பாலும் பார்க்கும்படி போய்ச்சேரும்.

வட்டவட்டமாகக் காய்வது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது புகையான். அது இலையில் உட்காராது, தூரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாக இருக்கும். இலையை மட்டும் காட்டினால் எந்த அலுவலருக்கும் தெரியாது. தூரை விரித்து அடிப்பாகத்தை ஒரு படம், தள்ளி நின்று வயலை ஒரு படம், நல்ல பயிர் இருக்கும் ஓரத்தை ஒரு படம் எடுக்கவும். நட்ட நாள், ரகம், போட்ட உரம், அடித்த மருந்து நான்கையும் எழுதி அனுப்பவும்.

ஒரு தூரில் எத்தனை சிம்பு, எத்தனை பூச்சி என்று எண்ணிச் சொன்னால் இன்னும் நல்லது. சிம்புக்கு ஒரு பூச்சி என்பது மருந்து பற்றி யோசிக்க வேண்டிய அளவு. சிலந்திகள் இருந்தால் சிம்புக்கு இரண்டு வரை பொறுக்கலாம். அதற்குள் தண்ணீரை வடித்துவிட்டு, தழைச்சத்து உரத்தை நிறுத்திவைக்கவும். இந்தத் தகவலை எல்லாம் பார்த்த பிறகு அலுவலர் வீடியோவில் கூப்பிட்டுக் கேள்வி கேட்டால், அப்போது வீடியோ பயன்படும்.

அலுவலர் கிடைக்காத நேரத்தில் கிசான் கால் சென்டரின் 1800-180-1551 எண்ணுக்குக் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். 2004-லிருந்து நடக்கும் சேவை இது. இதற்கு வாட்ஸ்அப் ஆகாது, சாதாரண கால்தான் வேண்டும். காட்டுப்பாக்கம் வேளாண்மை அறிவியல் நிலையத்திலும் கேட்கலாம்.

எதற்கு எந்தக் கால்?

* வீட்டில் வைஃபை இருக்கையில் சொந்தபந்தங்களிடம் நீண்ட பேச்சு: இன்டர்நெட் கால்.
* வெளிநாட்டுப் பேச்சு: இன்டர்நெட் கால். அந்த நாட்டில் எந்தச் செயலிக்கு அனுமதி என்று முதலில் பார்க்கவும்.
* புடவை, மாடு, நிலம் காட்டுவது: வீடியோ கால். பேசி முடித்ததை எழுத்தில் வாங்கவும்.
* விலை, நாள், எண்ணிக்கை: சாதாரண கால், அதோடு ஒரு மெசேஜ்.
* 108, 112, 1962, 1930, கிசான் கால் சென்டர்: சாதாரண கால் மட்டுமே.
* வீட்டுக்குள் டவர் இல்லை: வைஃபை காலிங்.
* வங்கி, ஆதாரோடு இணைந்த நம்பர்: எக்காரணம் கொண்டும் ரீசார்ஜை விடக் கூடாது.